ஜோடி டிஸ்க்கும் ஏழாவது அத்தியாயமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சௌக்கியம். உங்கள் மாமியார் ஒன்பது நாளாகத் தன் அக்கா வீட்டில் சௌக்கியம். அக்காவின் முழங்கால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த இரண்டு டிஸ்க்கும் இன்று காலை பதினொன்று இருபது நிலவரப்படி பரம சௌக்கியம். நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அவள் காதில் விழுந்தது அரை மணியில் அவள் அம்மா காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன், எழுதியதைக் கிழிக்கச் சொல்லிப் பழக்கமில்லை. எங்காவது ஒளித்து வையுங்கள், போதும்.

போன மாதம் நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்கள் மாமியாரின் பழைய கம்ப்யூட்டர் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி கத்துவதைக் கேட்டுவிட்டு, "மாமா, இது இன்னைக்கோ நாளைக்கோ போயிடும், அத்தை ஆறு வருஷமா எழுதுற புத்தகம் பூரா இதுலதான இருக்கு" என்று பதறினீர்கள். நம் குடும்பத்தைப் பற்றி அவள் எழுதும் புத்தகம், அச்சாகி வரும்வரை வீட்டில் ஒருவரும் படிக்கக் கூடாது என்று அவள் சட்டம் போட்டிருக்கும் புத்தகம். அன்றைக்கே ஓடிப்போய்ப் புதுப் பெட்டி, ஒரே மாதிரி இரண்டு டிஸ்க், சிஸ்டம் போடுவதற்கு ஒரு பென் டிரைவ், உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்புத் தாள், எல்லாம் தயார் செய்துவிட்டு, "ஒரு மணி நேரம் பொறுங்க மாமா, நானே போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள். நான்தான், "ரயிலுக்கு நேரமாகுது மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்குப் பெயர் வீம்பு, வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை.

மறுநாள் காலை உங்கள் தாளை மேஜையில் விரித்து, கீழே கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவரிடம் சின்ன ஸ்க்ரூடிரைவர் கடன் கேட்டு, வேலையை ஆரம்பித்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்துவிட்டார். டிஸ்க் டப்பாவில் ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிகாபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, திரையிலோ தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. ஆயிரத்துக்கு அறுபத்தொன்பது குறைவு! கிலோவுக்கு அறுபத்தொன்பது கிராம் குறைத்தவனுடைய கடையை நான் மூன்று நாள் பூட்டி வைத்திருக்கிறேன். இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தால் அதுவும் அதே தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஆகவே இது கைத்தவறு இல்லை, கூட்டுச் சதி என்று முடிவு செய்து, விற்றவருக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாரா எழுதிய பிறகுதான் உங்கள் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது: "மாமா, 931 என்றுதான் காட்டும். டப்பாக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்." என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே என்று கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

அப்புறம் அந்தத் திரை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தது. டிஸ்க்கை நானே பிரித்துக்கொள்ளட்டுமா என்று அது குழைந்தபோது, தாளில் சொல்லியிருந்தபடி, வேண்டாம், நான் பிரித்துக்கொள்கிறேன் என்று முறைப்பாகப் பதில் சொன்னேன். முதல் டிஸ்க்கில் ஒரு பகுதி, அதற்கு 'ரெய்டுக்கு உரியது' என்று அடையாளம்; இரண்டாவதிலும் அப்படியே. ரெய்டு என்ற சொல்லைப் பார்த்ததும் உத்தியோக ஞாபகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஆனால் இது ஆளைப் பிடிக்கிற ரெய்டு இல்லை, இரண்டு டிஸ்க்கை ஜோடி சேர்க்கிற ரெய்டு. என்ன வகை? மிரர். எத்தனை டிஸ்க்? இரண்டு. உபரி எத்தனை? பூஜ்யம். பூஜ்யம் என்று தட்ட என் கை வரவேயில்லை மாப்பிள்ளை, உபரி இல்லாமல் நான் குடைகூட வாங்கியதில்லை. எல்லாம் முடித்து 'தொடர்க' என்று அமுக்கினால், சிஸ்டத்தை வைக்க இடமே காட்டவில்லையே என்று அது திருப்பி அனுப்பிவிட்டது. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் திருப்பி அனுப்பியது, நான் ஒரு காலத்தில் வியாபாரிகளின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசியில்தான் விளங்கியது: ஜோடி சேர்த்தால் மட்டும் போதாது, சேர்த்து வந்த அந்த மூன்றாவது பொருளைத் தேர்ந்தெடுத்து, இதன் மேல்தான் எல்லாம் உட்கார வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னேன், உட்கார்ந்தது.

கடிகாரக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுல என்ன சார் லாபம்?" என்றார். "ஒண்ணுல எழுதுறது அதே நொடியில இன்னொண்ணுலயும் எழுதிரும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும்" என்று, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "என் கடையில ரெண்டு கடிகாரம் ஒரே மணி காட்டுதுன்னா, மணி சரின்னு அர்த்தம் இல்ல சார்" என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பொறாமை என்று அப்போது நினைத்தேன்.

உங்கள் மாமியார் தன் பென் டிரைவிலிருந்து புத்தகத்தைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், அந்தப் பென் டிரைவ் வழக்கம்போல அவள் கைப்பைக்குள் போய்விட்டது, பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் இத்தோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் சோதித்துப் பார்க்காமல் நான் எதற்கும் முத்திரை குத்தியவன் இல்லையே. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று நிற்குமாமே, எங்கே நில்லு பார்க்கலாம் என்று கரண்டை அணைத்து, முதல் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். கன்னங்கரேல் என்று திரை, மூலையில் ஒரே ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மினுக்கிற்று. எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. உங்களுக்குப் போன் செய்யலாம் என்றால், ஸ்பீக்கர். தாளை எடுத்து விசிறிக்கொண்டபோதுதான் அதற்குப் பின்பக்கமும் உண்டு என்று தெரிந்தது. "கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் நிரலை இரண்டு டிஸ்க்கிலும் போடவும், மறக்க வேண்டாம்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் முதலாவதில் மட்டும் போட்டிருந்தேன். வயரை மாட்டி, இரண்டாவதிலும் அதைப் போட்டு, மறுபடி முதல் டிஸ்க்கைப் பிடுங்கினேன். இந்தத் தடவை ஜம்மென்று எழுந்து நின்றது. பரம திருப்தியோடு வயரைத் திரும்ப மாட்டி, பெட்டியை மூடி, மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். உங்கள் மாமியார் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள பதிப்பகத்துக்குப் புத்தகம் போயாகணும். ஃபோல்டர்ல இருக்கிறதை அப்படியே அனுப்பிடுங்க. தொறக்காதீங்க, சேர்க்காதீங்க, திருத்தாதீங்க. அப்படியே" என்றாள். நேற்று ஃபோல்டரைத் திறந்தேன். அவள் அத்தியாயங்களுக்குப் பெயர் வைப்பதில்லை, எண் மட்டும்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஆறுக்கு அப்புறம் எட்டு. மறுபடி எண்ணினேன். குப்பைத்தொட்டியில் தேடினேன். ஏழைக் காணவே இல்லை. மறுநாள் பகல் கெடு. ஆறு வருஷ உழைப்பில் ஒரு அத்தியாயத்தை என் வீம்பும் என் சோதனையும் சேர்ந்து தின்றுவிட்டன என்று முடிவு செய்துவிட்டேன். அவளைக் கேட்கலாம்தான். கேட்டால், "டிஸ்க்கைப் பிடுங்கினீங்களா?" என்பாள். பிடுங்கினேனே. அவள் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது, போனில் முகம் தெரியாவிட்டாலும் முடியாது.

உங்கள் தாளின் பின்பக்கத்தை இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன். டிஸ்க்குகளின் நலம் விசாரிக்க ஒரு கட்டளை எழுதியிருந்தீர்கள், யூ யூ என்று இரண்டு எழுத்து வந்தால் இரண்டும் நலம். எனக்கு வந்தது ஒரு கோடும் ஒரு யூவும். அதாவது, சோதனைக்காகப் பிடுங்கிய முதல் டிஸ்க்கை நான் வயரில் மாட்டினேனே தவிர ஜோடியில் திரும்பச் சேர்க்கவில்லை. தானாகச் சேர்ந்துகொள்ளாதாம், நாம் அழைத்தால்தான் வருமாம். ஒரு மாதமாக அது கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை எழுதாமல் உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது மட்டும் தனியாக உழைத்திருக்கிறது. முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் பொறி தட்டியது. எழுதாமல் இருந்தது என்றால், அழிக்காமலும்தானே இருந்திருக்கும்?

இரண்டாவதன் வயரைக் கழற்றிவிட்டு, முதல் டிஸ்க்கை மட்டும் வைத்து எழுப்பினேன். எழுந்தது! சோதனை செய்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. ஃபோல்டரைத் திறந்தால் ஆறு, ஏழு, எட்டு. ஏழு! நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன் மாப்பிள்ளை. அதைத் திறக்கவில்லை, ஒரு வரி படிக்கவில்லை, சட்டம் சட்டம்தான். நீங்கள் விட்டுப்போன பென் டிரைவில் நகலெடுத்து, டிஸ்க்குகளை மாற்றி மாட்டி, ஏழை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு உங்கள் கட்டளைப்படி முதல் டிஸ்க்கை ஜோடியில் திரும்பச் சேர்த்தேன். எதிலிருந்து எதற்கு நகலாகிறது என்பதை நாலு தடவை சரிபார்த்துக்கொண்டேன், மாறிப்போனால் ஒரு மாத வேலை அம்போ என்று போயிருக்கும். இரண்டரை மணி நேரம் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிம்மதியாக ஒரு வேலையைப் பார்த்ததில்லை. பதினொன்று இருபதுக்கு யூ யூ. என் பெயரையே யாரோ அன்பாகக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பன்னிரண்டு அத்தியாயத்தையும் பதினொன்றே முக்காலுக்குப் பதிப்பகத்துக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். "மிரர் என்பது பாதுகாப்புப் பிரதி ஆகாது, வேறு ஒரு இடத்தில், நம்பகமான கையில், ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும்" என்பதுதான் உங்கள் தாளின் கடைசி வரி. உங்களை விட நம்பகமான கை எனக்கு எங்கே இருக்கிறது? ஆகவே அதே ஈமெயிலை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். நான்தான் படிக்கக் கூடாது, நீங்கள் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கிற ஆள், நீங்கள் பார்ப்பதை உங்கள் மாமியாரும் தப்பாக நினைக்க மாட்டாள். முக்கியமாக ஏழாவது அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் படித்து, முழுசாக வந்திருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

என் மகளுக்கு என் ஆசி. இருவரும் யூ யூ என்று நீடூழி வாழ வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
நிம்மதியோடு,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் உங்கள் மாமியார் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டாள். முகம் மலர்ச்சியாக இருந்ததால் தைரியமாக, "உன் ஏழாவது அத்தியாயத்தைக் காப்பாத்திக் கொடுத்துட்டேன்" என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே, "எந்த ஏழாவது?" என்றாள். எந்த டிஸ்க்கும் எதையும் தின்னவில்லையாம். அக்கா வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அவளே அழித்தாளாம். பதினோரு பக்கம். உங்கள் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் எழுதியது. முழுக்க முழுக்க உங்களைப் பற்றி. "நல்ல விதமாத்தானே?" என்று கேட்டேன், அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

பதிப்பகத்துக்கு அப்போதே போன் போட்டுவிட்டாள், அவர்கள் இன்னும் திறக்கவில்லை, ஏழை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் உங்களிடம் இருப்பதுதான். தயவுசெய்து திறக்க வேண்டாம். திறந்திருந்தால் ஆறோடு நிறுத்திக்கொள்ளவும். முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேனே, பார்க்க வேண்டாம், முழுசாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஜோடி டிஸ்க்தானே, ஒன்றில் அழித்தால் இரண்டிலும் போய்விடும்.

ஆனால் ஈமெயில் காலையிலேயே வந்து சேர்ந்திருக்கும், நீங்களும் சொன்ன வேலையைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. அதனால் உங்கள் மாமியார் சொன்னதை, சேர்க்காமல் திருத்தாமல், அப்படியே எழுதுகிறேன். "அதுல நான் எழுதின ஆளு நம்ம வீட்டுக்கு வரவே இல்லைங்க. வந்தது வேற ஆளு. அதான் அழிச்சேன்."

என் பங்குக்கும் ஒன்று உண்டு. எட்டாம் பக்கத்தில், 'இந்தப் பையன் கையில் ஒரு ஸ்க்ரூகூட நம்பிக் கொடுக்க முடியாது' என்று ஒரு வரி இருக்கிறதாம். அது அவள் வரி இல்லை. நீங்கள் முதன்முதலாக வந்துவிட்டுப் போன அன்றைக்கு நான் சொன்னது, அவள் எழுதிவிட்டாள். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் தப்பாக எடை போட்டது அந்த ஒரு தடவைதான், மாப்பிள்ளை.