கைலிக்கடை பாயும் அரைப் புள்ளியும்

திருநெல்வேலிச் சீமையில் செஸ் ஆடித் தோற்றவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாகக் கைலிக்கடை பாய்தான் நிற்பார். இரண்டாவது ஆள் வெகுதூரம் தள்ளி நிற்பார்.

ரதவீதியை ஒட்டிய சந்தில் அவருக்குக் கடை. வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்கு நானும் அவரும் ஒரே டவுண் பஸ்ஸில் போவோம். முதல் சுற்றில் பெரிய ஆட்டக்காரர்களைச் சின்ன ஆட்டக்காரர்களோடு மோதவிடுவது வழக்கம். எனக்கு யாராவது ஏப்பை சாப்பையாக வந்து வாய்ப்பார். பாய்க்கு மட்டும் புலிதான் வரும்.

வருகிற புலியின் சட்டைக் காலரை அவர் முதலில் இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். "பாலியஸ்டர் கலந்திருக்கு தம்பி. ஏமாத்திட்டான்" என்பார். புலி நடுவரைக் கூப்பிடும். துணியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நடுவர் போய்விடுவார்.

காயைத் தொட்டால் அதையேதான் நகர்த்த வேண்டும் என்று சட்டத்தில் உண்டு. பாய் காயையும் தேய்த்துப் பார்க்கிறவர். ஒரு வருஷம் ராஜாவைத் தேய்த்துவிட்டார். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே ராஜா தெருவுக்கு வந்துவிட்டார்.

"தொட்டுப் பாக்காம எப்படி சார் எடுக்க?" என்று நடுவரிடம் நியாயம் கேட்டார். தோற்றுப்போய், மதியத்துக்குள் கடையைத் திறந்துவிட்டார்.

போன வருஷம் போட்டிக்கு முன்னால் டீக்கடையில் வைத்து எல்லோரும் ரொம்பவே கிண்டல் செய்துவிட்டார்கள். பாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இந்தத் தடவை ஒரு டிரா, அரைப் புள்ளி, அதுகூட எடுக்கலேன்னா போர்டைப் பரண்ல தூக்கிப் போட்டுருதேன் வே" என்றார்.

போட்டியில் எதிரே வந்தது ஒரு சென்னைத் தம்பி. போட்டியிலேயே முதல் இடத்துக்காரன். எதிரே கைலிக்கடை என்றதும் செல்போனில் விளையாடுவதுபோல மடமடவென்று ஆடினான். அந்த அவசரத்தில் ஒரு யானையைக் கோட்டை விட்டான். என் ஆட்டம் முடிந்திருந்தது. ஓடிப்போய்ப் பாய்க்குப் பின்னால் நின்றேன். ஆண்டவா, இந்த ஒரு தடவை!

தம்பி நெற்றியைத் துடைத்தான். குரலைத் தாழ்த்தி, "டிரா பண்ணிக்கலாமா அங்கிள்?" என்றான்.

அரைப் புள்ளி! சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் முதலில் கேட்ட விலைக்குப் பாய் ஆயுசில் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை. தலை தானாக ஆடியது.

"கட்டுபடியாகாது தம்பி."

பாய் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். கடைப் படியிறங்கிய ஆள் திரும்பி வந்து ஏற்றிக் கேட்பான் அல்லவா, அதற்காகக் காத்திருந்தார். அதன் பிறகு பலகையைப் பார்க்கவே இல்லை, தம்பியின் முகத்தையே பார்த்து ஆடினார். தம்பி திரும்பக் கேட்கவில்லை. குதிரையை எடுத்து வைத்து, "செக்மேட் அங்கிள்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ் ஆற்றுப்பாலம் தாண்டியதும் மெல்லக் கேட்டேன், "அப்ப போர்டு பரணுக்குத்தானா பாய்?"

"என்ன வே இப்படிக் கேக்கீரு? முத இடத்துக்காரன் நம்மகிட்ட இறங்கி வந்து விலை கேட்டிருக்காம்லா. இனிமேத்தான் படியும்."

அன்று நான் ஜெயித்திருந்தேன். பாய் இறங்கிப் போகும்வரை எனக்கு அது ஞாபகமே வரவில்லை.