கிணற்றை மட்டும் கேட்ட தங்கை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
1970, மாசி மாதம்

பிலாய் உருக்காலையில் இரவும் பகலும் நெருப்பின் முன்னால் நின்றாலும் மனசு குளிர்ந்த என் தம்பி சிரஞ்சீவி நமச்சிவாயத்துக்கு, மூத்தவன் வரதராஜன் ஆசீர்வதித்து எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி காந்தாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் சுகமா என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். உட்கார்ந்துகொண்டு படி. இதோடு ஒரு வக்காலத்துத் தாள் வைத்திருக்கிறேன். அதைப் பத்திரமாக எடுத்து வை. எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் கழனிகளைப் பாகம் பிரித்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. உன் சார்பில் நானே கையெழுத்துப் போட்டேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அன்றே ஒரு கார்டு எழுதினேன். அது முழு உண்மை இல்லை. கார்டில் இடம் கிடையாது. மேட்டுக் கழனி எனக்கு வந்தது. நடுக் கழனி அர்ஜுனனுக்கு. உனக்குப் பாலாற்றின் ஓரம். கொஞ்சம் மணல் என்று சிலர் சொல்லுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே, காற்றோட்டமான இடம். இதில் தங்கை இந்திராணிக்கு என்ன செய்வது என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அப்பாவோடு இருந்தவள் அவள்தான். ஏர் ஓட்ட ஆள் பிடித்ததும், கிணற்று ஆயில் இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பியதும், கடைசியில் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் அவள். நாம் மூவரும் பணம் அனுப்பினோம், தீபாவளிக்கு வேட்டி அனுப்பினோம். ஆகவே அவளுக்கும் நியாயமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நானும் அர்ஜுனனும் பெருந்தன்மையாகவே பேசினோம். வீட்டின் பின்கட்டில் ஆயுசு வரைக்கும் இருந்துகொள்ளட்டும், போகத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று தருவோம் என்றோம்.

அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நெல்லு எல்லாம் வோணாம்ணா. எனக்கு அந்தக் கிணறும் இன்ஜினும் மட்டும் எழுதிக் குடுத்துடு. மத்ததுல எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாள்.

அர்ஜுனன் சிரித்தே விட்டான். "நிலம் இல்லாத கிணத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அதுல குதிக்கிறதுக்கா?" என்று கேட்டான். நான் அவனை அதட்டினேன். பாவம், அப்பா ஞாபகமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே பத்திரம் எழுதினோம். பத்திரம் எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு, "கழனிங்களுக்குத் தண்ணி பாத்தியம்னு ஒரு வரி சேத்துடட்டுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "கிணறே அந்தப் பொண்ணுக்குப் போவுது, அதுல இன்னாய்யா பாத்தியம்? சீக்கிரம் முடிங்க" என்றேன். நம் குடும்பத்துக்கு நேர்ந்த அத்தனையும் அந்த மனிதர் என்னை இன்னொரு முறை கேட்காததால் வந்தது. படித்தவர், வயதானவர், கேட்டிருக்க வேண்டாமா?

தை பிறந்து நாற்று விட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. மூன்று பங்கிலும் சேர்த்து அந்த ஒரு கிணற்றைத் தவிர ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தண்ணீர் விடச் சொல்லி நம் குத்தகைக்காரனை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்து, "அம்மா தண்ணி இல்லன்னு சொல்லலீங்க. ஆளு அனுப்பாத, அண்ணனையே வரச் சொல்லுன்னு சொல்றாங்க" என்றான். நான் போனேன். காசு கேட்பாளோ, மன்னிப்புக் கேட்கச் சொல்வாளோ என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். "மடையத் தொறந்து வுட்டுட்டு வரப்புல நில்லுணா. கழனி ரொம்புற வரைக்கும் நிக்கணும். அவ்ளோதான்" என்றாள். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன், கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மறு செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் நின்று குசலம் விசாரித்தார்கள். மத்தியானம் அவள் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் கொண்டு வந்து வைத்தாள். சாப்பிட்டேன். பசித்தது, அதனால் சாப்பிட்டேன், வேறு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தண்ணீருக்கும் நான் போக வேண்டியிருக்கிறது. உன் பங்குக்கும் சேர்த்து நிற்கிறேன் என்றேன். "சின்னண்ணன் கழனிக்குச் சின்னண்ணன்தான் வரணும்" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் உன் இடத்தில் இன்னும் நடவு இல்லை. காற்று மட்டும் நன்றாக அடிக்கிறது.

அர்ஜுனன் என்னைப் போல வளைந்து கொடுக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். "தங்கச்சி கிட்ட போய்க் கை கட்டிக்கினு நிக்கிறதுக்கு வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டுச் சொந்தக் கிணறு வெட்டக் கிளம்பினான். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் வெட்டினார்கள். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே பாறை. பாறைக்கு வெடி வைத்தார்கள். வெடித்த கல் ஒன்று பறந்து போய்க் கிராம முன்சீப் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு, அடுப்பில் இருந்த சாம்பார்ச் சட்டிக்குள் இறங்கியது. அன்றைக்கு அவர் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சம்பந்தம் தவறிப் போயிற்று. முன்சீப் இப்போது நம் வீட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. அர்ஜுனன் விடவில்லை, வேறு இடத்தில் வெட்டினான். அங்கே பாறை இல்லை, தண்ணீரும் இல்லை, ஓர் எருமை மட்டும் விழுந்தது. அந்த எருமையை மேலே ஏற்ற வடம் கொண்டு வந்தவள் இந்திராணி. ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனான்.

வக்கீல் சீனிவாசன் நிதானமான மனுஷர். மற்றதில் பாத்தியம் இல்லை என்று இந்திராணி எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தைப் படித்துவிட்டு, "கெணறு நிலத்தோட சேந்ததுன்னு வாதாடிப் பாக்கலாம். பொம்பளைங்களுக்கு உங்க வம்சத்துல சொத்து போனதில்லன்னும் காட்டலாம். பூமி எப்படி வந்ததுன்னு வம்சாவளி கொண்டாங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். நமக்கா தெரியாது? நம் தாத்தா வீரபத்திரன் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்து, காட்டை வெட்டித் திருத்தி, கிணறு தோண்டி, நம் குலத்தை ஊன்றியவர் என்று சின்ன வயசிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவர்கள் நாம். அதைச் சாட்சியாகச் சொல்ல, தாத்தாவின் தம்பி வழியில் ஒரே ஒருவர் உயிரோடு இருக்கிறார், திருமுக்கூடலில் முனிசாமிச் சித்தப்பா. பழம், வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன்.

கோயில் மதிலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நம் தாத்தா காடு திருத்திய கதையைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்றதும், பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

"யாரு, எங்க பெரியப்பனா? காடு திருத்துனாரா? எங்க வூட்டுலருந்து கட்ன வேட்டியோட வூட்டோட மாப்பிளையா போனவருப்பா அவரு. அத சொல்லிச் சொல்லியே எங்கப்பன் சாவுற வரைக்கும் அழுதாரு."

"அப்ப பூமி யாருது சித்தப்பா?"

"உங்க அப்பனப் பெத்த ஜெயம்மாளுது. அவளுக்கு அவங்க அம்மா பெரியநாயகி குடுத்தது. தாது வருசப் பஞ்சத்துல புருசன் செத்து, இடுப்புல கொழந்தையத் தூக்கிக்கினு ஆத்தோரமா வந்தவ. முள்ளுக் காட்ட அவதான் வெட்டுனா. அந்தக் கெணத்துக்கு மண்ணு சொமந்தவளும் அவதான். தண்ணி வர்ற வரைக்கும் அந்தக் கொழந்தய மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வெட்டுனாளாம். உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?"

நமச்சிவாயம், எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வாங்கிப் போன பழத்தில் ஒன்றை அவர் என் கையில் கொடுத்தார். உரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆறு சேர்கிற அந்த மணலில், மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு கைம்பெண் இடுப்பில் பிள்ளையோடு எந்தப் பக்கமிருந்து நடந்து வந்திருப்பாள் என்று பார்த்தேன். மணல்தான் இருந்தது. நம் வீட்டில் எந்தத் திவசத்திலும் அவள் பெயரைச் சொல்லி யாரும் ஒரு கை தண்ணீர் விட்டதில்லை.

இதை வக்கீலிடம் சொன்னேன். அவர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார். "இத வெளில சொல்லிடாதீங்க. தாய் வழியா வந்துதுன்னா அது உங்க அப்பாவோட தனிச் சொத்து. இப்ப இருக்கிற சட்டப்படி பொண்ணுக்கும் உங்களுக்குச் சமமா பங்கு. அந்தம்மா விடுதலைப் பத்திரத்த எதிர்த்துக் கேட்டா கிணறோட நிலமும் போவும்" என்றார். ஆகையால் தம்பி, நான் யோசித்து எடுத்த முடிவு இதுதான். முனிசாமிச் சித்தப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. வீரபத்திரத் தாத்தா காடு திருத்தியவர், திருத்தியவராகவே இருக்கட்டும். உள்ளே வைத்திருக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு மறு தபாலில் அனுப்பு. யாராவது கேட்டால், பெரியநாயகி என்ற பெயரை நீ கேள்விப்பட்டதே இல்லை. அது பொய்யும் இல்லை, இதைப் படிக்கிற வரைக்கும் நீ கேள்விப்படவில்லையே. குடும்ப மானத்துக்காகத்தான் இத்தனையும் செய்கிறேன் என்பதை நீ உணருவாய்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். பெரியவனைப் படிப்பில் கவனம் வைக்கச் சொல். காமாட்சி அம்மன் குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன், எல்லாரும் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். வாழையடி வாழையாக நம் குடும்பம் ஒற்றுமையோடு தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அண்ணன்,
வரதராஜன்

பின்குறிப்பு: வக்காலத்தில் கையெழுத்துப் போடாதே. மேலே எழுதி முடித்து, உறையை ஒட்ட வீட்டில் பசை இருக்கிறதா என்று உன் அண்ணியைக் கேட்டேன். பசை இல்லை. அவள் கையில் ஒரு வக்கீல் நோட்டீசு நகல் இருந்தது. அவளுடைய அப்பா விட்டுப் போன உத்திரமேரூர் நிலத்தில் தன் பங்கைக் கேட்டு அவள் அண்ணன்மார் இருவருக்கும் நோட்டீசு அனுப்பியிருக்கிறாள். வக்கீல் யார் என்கிறாய்? நம் சீனிவாசனேதான். "உங்க தங்கச்சியப் பாத்துத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. நீங்களே எனக்குச் சாட்சி சொல்லணும்" என்றாள். வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். "ஒரே கோர்ட்டுல காலைல பொண்ணுக்குப் பங்கு இல்லன்னும் சாயங்காலம் உண்டுன்னும் என்னால பேச முடியாதுங்க. எந்தக் கேசுன்னு வீட்ல கலந்துக்கினு சொல்லுங்க" என்றார். கலந்துகொண்டோம். அதாவது, அவள் சொன்னாள்.

கேசு இல்லை என்று ஆன பிறகு மறைத்து என்ன பயன்? மறுநாள் தண்ணீர் முறை எனக்கு. வரப்பில் நின்றபடி, முனிசாமிச் சித்தப்பா சொன்னதையெல்லாம் இந்திராணியிடம் சொல்லிவிட்டேன். பெரியநாயகி வந்தது, கிணறு வெட்டியது, நிலத்திலும் அவளுக்குச் சமபங்கு உண்டு என்பது, எல்லாம். அவள் குனிந்து மடையைச் சரி செய்துகொண்டே, "தெரியும்ணா. அப்பா சொல்லியிருக்காரு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா கெணத்த மட்டும் கேட்ட?"

"நிலத்துல பங்கு கேட்டிருந்தா மூணு பேரும் என் மேல கேசு போட்டிருப்பீங்க. இல்லன்னா அவங்கவங்க பங்க வித்துட்டுப் போயிருப்பீங்க. அப்பா படுத்துக்கினு இருந்தப்ப, வாசல்ல பஸ்ஸு சத்தம் கேட்டா 'யாரு, பெரியவனா?'ன்னு கேப்பாரு. ஒரு வாட்டியும் நீ இல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கெணத்தக் கேட்டேன். இப்ப பாரு, வாராவாரம் வர்ற."

நான் மடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. லீவு எழுதிக் கொடு. உன் கழனி காய்கிறது. இங்கிருந்து யாரும் உனக்காக மடை திறக்க முடியாது, நீயேதான் வரவேண்டும்.