பானெட்டுக்குள் ஒரு வக்கீல்

காலை ஒன்பது மணிக்கே குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. கார்களால் அல்ல, ஆட்களால். மூன்றாம் மாடிக்காரர் நாற்காலியோடு இறங்கி வந்திருந்தார். பேய் வருவதற்குள் கால் வலித்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை!

பேய் இருந்தது ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் காரில். பழைய கார், போன வாரம்தான் வாங்கினார். மனைவிக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்க் காலை மடக்கி நீட்டிப் பழகவேண்டும்; பஸ் படி ஏற முடியாது. அதற்காகத்தான் கார். முதல் நாளே வந்தது வினை. என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகும், முன்னால் பானெட்டுக்குள் ஃபேன் மட்டும் விர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. காரின் முந்தைய சொந்தக்காரர் காலமான ஒரு வக்கீல் என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது. சாவி கையில், உயிர் தொண்டையில்.

இத்தனைக்கும் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. "ஃப்ரிட்ஜ் தானா ஓடுது, தானா நிக்குது" என்று பயந்து வருகிறவர்களைப் பார்த்து இருபத்தாறு வருடமாகச் சிரித்தவர். "சூடு ஏறினா ஓடும், இறங்கினா நிக்கும். உள்ள தெர்மோஸ்டாட் இருக்கும்மா, பேயெல்லாம் இல்ல" என்று பாடம் நடத்தியவர். அந்த அறிவைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார் போலிருக்கிறது.

மெக்கானிக் கூப்பிட்டனுப்ப, வந்தார் 'வாகன ஆவி நிபுணர்'. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

"ஆவி களைச்சாத்தான் வாயைத் திறக்கும். ஏ.சி.யைப் போட்டு வேகமா பத்து ரவுண்டு ஓட்டிட்டு வாங்க."

மெக்கானிக் ஓட்டினார். பின் சீட்டில் வக்கீல் தெரிந்துவிடுவாரோ என்று கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினார். திரும்பி வந்து என்ஜினை அணைத்தார். ஃபேன் ஓடியது.

நிபுணர் பானெட்டில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "வக்கீலுக்கு ஒரு வழக்கு பாக்கியாம்" என்றார். பிறகு "நிறுத்து!" என்று கத்தினார். ஆறு தடவை வக்கீல் ஆட்சேபித்தார். ஏழாவது தடவை ஃபேன் நின்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இது தற்காலிகம்தான். கார் ஆறு மாசம் என் கொட்டகையில நிக்கணும். சாவியும் பேப்பரும் கொடுங்க. இல்லேன்னா உங்க வீட்டம்மா காலுக்குத்தான் ஆபத்து."

மெக்கானிக் சாவியை நீட்டினார். கைத்தடியோடு வந்த மனைவி குறுக்கே நின்றாள்.

"ஏங்க, அப்ப நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

"பஸ்ல..."

"பஸ் படியை நீங்க வந்து மடக்கித் தருவீங்களா?"

அவள் கீழ்த்தள டாக்ஸிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க வண்டியும் இதே மாடல்தானே? இவரும் நீங்களும் பத்து ரவுண்டு ஓட்டிட்டு வாங்க, பக்கத்துல பக்கத்துல நிறுத்துவோம். சார் எங்க கார்கிட்ட மட்டும் பேசட்டும். உங்க வண்டிகிட்ட யாரும் பேசக் கூடாது."

"ஆவி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பேசும்!" என்றார் நிபுணர். ஆனால் கூட்டத்துக்கு இலவசமாக இரண்டாவது காட்சி கிடைக்கிறது, விடுமா? "இன்னொரு தடவை!" என்று சத்தம் போட்டது.

இரண்டு கார்களும் வந்தன. இரண்டு என்ஜின்களும் அணைந்தன. இரண்டு ஃபேன்களும் ஓடின. நிபுணர் மெக்கானிக்கின் காரின் மேல் கவிழ்ந்து "நிறுத்து, நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார். முதலில் நின்றது டாக்ஸி. அதனிடம் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மெக்கானிக்கின் கார் நின்றபோது நிபுணர் இருமிக்கொண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியிலயும் ஆவி இருக்கு!"

"யோவ், ஷோரூம்ல இருந்து நானே எடுத்த வண்டி. அதுல யாரும் சாகல. ராப்பகலா ஓட்டி நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்" என்றார் டாக்ஸிக்காரர்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். முகத்தில் அனல் அடித்தது. ரேடியேட்டர், அதை ஒட்டி ஃபேன், பக்கத்தில் சூடு அறியும் ஒரு சின்ன சுவிட்ச். தெர்மோஸ்டாட்டின் கூடப்பிறந்த தம்பி! "சூடு ஏறினா ஓடும்..." என்று ஆரம்பித்தவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த அறிவை நம்பியா ஊரார் ஃப்ரிட்ஜைத் திறந்துகொடுத்தார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நிபுணர் வாசலைத் தாண்டிவிட்டார். அவர் பின்னாலேயே மூன்றாம் மாடிக்காரர் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"சார், உங்க கார்டு ஒண்ணு கொடுங்க! எங்க லிஃப்ட் தானா மேல போகுது!"

மனைவி காரில் ஏறி, வலித்த காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். கண்ணாடியை இறக்கிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தினமும் அம்பது தடவை முட்டியை மடக்கி நீட்டுறேன், உயிர் போற மாதிரி வலிக்குது. மூளையை ஒரே ஒரு தடவை அசைச்சுப் பாருங்க, கொஞ்சம்கூட வலிக்காது. ஏங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், வண்டியை எடுங்க."