மூன்றாம் இலக்க லயத்துக்குப் பனிச்சரிவு அபாயமில்லை

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றியே தீருவதென்று நுவரெலியாவில் ஓர் அலுவலகம் முடிவெடுத்தது. இந்த மலையில் இதுவரை பனிச்சரிவு வந்ததில்லைதான். வந்த இடத்தில் காப்பாற்ற யாராலும் முடியும்; வரவே வராத இடத்தில் காப்பாற்றுவதல்லவா நிர்வாகத் திறமை? தவிர, வருஷமெல்லாம் உறைந்து கிடக்கும் ஏதோவொரு நாடு கையேடு, கருவி, படிவம் எல்லாவற்றையும் அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. அதை வீணாக்கலாமா?

சரிவைப் பார்க்க அதிகாரி வருகிறாராம் என்றதும் நாகலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும் அவளோடு பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த மூன்றாம் இலக்க லயத்தின் பின்சுவரில் போன மழைக்கு வெடிப்பு விழுந்திருந்தது. அவள் கை மணிக்கட்டு வரை அதற்குள் போகும். பின்னாலிருந்த மண்மேடு சுவரை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. வைகாசி மழைக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு குடும்பமும் மண்ணுக்குள்தான். அதற்காக மூன்று மனு போட்டிருந்தாள்.

தை மாதத்து விடியலில் அதிகாரி விஜிதரன் வந்திறங்கினார். காதை மூடிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆபத்தில் பலூனாக விரியும் முதுகுப்பை.

"சேர், பின்னால மேடு சரியுதுங்க. செத்த வந்து பாருங்க."

"வரிசைப்படி பார்ப்போம் அம்மா. முதல் கேள்வி. சரிவில் பனி எத்தனை அடி?"

"பனி இல்லீங்க சேர், மண்ணுதான் சரியுது."

"மண்ணுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே!"

நாகலெட்சுமி விடவில்லை. புருஷன் செல்லசாமி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துப்போய், தேயிலைமேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை வழித்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அடிமட்டத்தைத் தேடி எடுப்பதற்குள் அது கரைந்துவிட்டது. "பனி: ஈரம்" என்று எழுதிக்கொண்டார்.

போகும்போது கையேட்டின் விதிகளை வாசித்துக் காட்டினார். சரிவில் ஒருவர் பின் ஒருவராக, ஐம்பது அடி இடைவெளி விட்டு நடக்க வேண்டும். மறுநாள் பெண்கள் அப்படியே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார்கள். கடைசிப் பெண் போய்ச் சேர்ந்தபோது முதல் பெண் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கங்காணி போட்ட கூச்சலில் விதி அன்றைக்கே செத்துப்போனது.

அடுத்த வாரம் சான்றிதழ் வந்தது. "பனிச்சரிவு அபாயம் அறவே இல்லை. பாதுகாப்பான கட்டடம்." மூன்று மொழியில், கண்ணாடிச் சட்டம் போட்டு. அதை மாட்ட ஆணி அடித்த அதிர்வில் வெடிப்பு இன்னும் ஓர் அங்குலம் வாயைப் பிளந்தது. பாதுகாப்பான கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இடமாற்றம் எதற்கு? மூன்று மனுவும் திரும்பி வந்தன.

வைகாசி மழையில் முதலில் சரிந்தது நுவரெலியா அலுவலகத்தின் பின்மேடுதான். ஞாயிற்றுக்கிழமையாதலால் கோப்புகள் மட்டுமே புதைந்தன. சான்றிதழ் உள்ள கட்டடத்தில்தான் அலுவலகம் இயங்கலாம் என்பது விதி. மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லயத்தை அலுவலகத்துக்குக் காலிசெய்ய வேண்டியிருந்ததால், நாலு மாதம் கெஞ்சியும் கிடைக்காத இடமாற்றம் மூன்றே நாளில் கிடைத்தது. பன்னிரண்டு குடும்பத்தாரும் பள்ளிக்கூட மைதானத்துக் கூடாரங்களுக்குப் போனார்கள். கூடாரம் ஒழுகியது, ஆனாலும் நாகலெட்சுமி அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

நாலாம் நாள் விஜிதரன் ஓடிவந்தார்.

"அம்மா, பின்சுவத்துக்குள்ள கை போகுது!"

"மணிக்கட்டு வரைக்குங்களா சேர்?"

"முழங்கை வரைக்கும்! அலுவலகத்தை உடனே மாத்தணும். படிவத்துல தோட்டத்து ஆள் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."

நாகலெட்சுமி படிவத்தை மடியில் விரித்தாள். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாள்!

"வரிசைப்படி பார்ப்போங்க சேர். மொதக் கேள்வி. சரிவுல பனி எத்தனை அடி?"

விஜிதரன் கொட்டும் மழையைப் பார்த்தார்.

"ஆறு அடின்னு போடுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆறு அடி என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். சாயந்தரமே அலுவலகம் நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்குக் குடிபோனது.

ஆறடிப் பனி என்றதும் அந்த நாடு பதறிப்போய், பனி அள்ளும் இயந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தது. அதை நிறுத்தத் தட்டையான நிலம் வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தை விட்டால் வேறேது? கூடாரங்களைக் கழற்றச் சொல்லி விஜிதரனின் கடிதம் வந்தது.

"நாங்க எங்கங்க போறது?" என்று கடிதம் கொண்டுவந்தவரிடம் கேட்டாள் நாகலெட்சுமி.

கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே பதில் இருந்தது. பனி அள்ள இயந்திரம் வந்துவிட்டபடியால், மூன்றாம் இலக்க லயம் மீண்டும் பாதுகாப்பானது. ஆதாரமாக, நாகலெட்சுமி கையெழுத்திட்ட படிவம் இணைக்கப்பட்டிருந்தது.