வெளிச்சத்துக்கு வைத்த பொட்டு

"வெளிச்சம் நேராத்தானே டீச்சர் போகும்? அப்புறம் வளைஞ்ச கேபிளுக்குள்ள எப்படிப் போகுது?"

தோஹாவில் இருக்கும் ஒரு பிள்ளை, ரஞ்சனியின் ஆன்லைன் வகுப்பில் எப்போதோ கேட்ட கேள்வி இது. "உள்ள ஒரு கண்ணாடி நூல், அதைச் சுத்தி வேற மாதிரி கண்ணாடியில ஒரு உறை. வெளிச்சம் அந்த உறையில சாய்வா மோதி மோதி உள்ளேயே திரும்பிடும்டா கண்ணு. வெளிய போக வழி கிடையாது" என்று ரஞ்சனி சொன்னாள். அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் சுரேஷ்குமார் காதிலும் அது விழுந்தது. கண்ணாடி இழையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இப்போது அவரை வியர்க்க வைத்தது.

ஆயுத பூஜை சாயங்காலம். ரஞ்சனி தாயார் சன்னதிக்குப் போயிருந்தாள். மிக்ஸி, குக்கர், பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த சுரேஷ்குமார், இன்டர்நெட் பெட்டிக்கு முன் வந்து நின்றார். மனைவிக்குச் சோறு போடுகிற ஆயுதம் இதுதானே! பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தார். மனம் நிறையவில்லை. பெட்டிக்குள் போகும் கண்ணாடி இழைக் கேபிளின் பச்சைப் பிளக்கைப் பக்தியோடு உருவி அதன் நுனிக்கும் ஒரு பொட்டு வைத்து, திரும்பச் செருகினார்.

பெட்டியில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது.

போன மாதம் வகுப்பு நடுவில் லைன் போனபோதே, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவோம் என்று வகுப்பு நடத்தும் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு விஜயதசமிப் புது வகுப்பு. தலைமை அதிகாரியே உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். செல்போன் சிக்னலோ அந்த வீட்டுக்குள் ஒரு கோட்டுக்கு மேல் வராது; பேசத்தான் ஆகும், வகுப்புக்கு ஆகாது.

பிளக்கை உருவி, நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வேட்டி நுனியால் துடைத்தார். வாயால் ஊதினார். சிவப்புதான். இன்டர்நெட் லைன் பார்க்கும் பெண் பிரான்சிக்குப் போன் செய்தார்.

"ஒண்ணுமே பண்ணலைம்மா. அதுபாட்டுக்கு இருந்துச்சு."

"பொட்டு வச்சீங்களா சார்?"

"லேசா."

"இன்னைக்கு ஊரே வச்சிருக்கு! முடியை விட மெல்லிசான வழி சார் அது. குங்குமத் தூசு ஒண்ணு உக்காந்தா மலைக்கோட்டையைத் தூக்கி நடுரோட்ல வச்ச மாதிரி. நுனியை எட்டிப் பாத்தீங்களா?"

"ஏ... ஏம்மா?"

"பாக்கவே கூடாது சார். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா கண்ணைக் கெடுத்துடும்."

சுரேஷ்குமார் ஒரு கண்ணை மூடிப் பெருமாள் படத்தைப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பெருமாள் இரண்டிலும் தெரிந்தார். ஆனாலும் கொஞ்சம் மங்கலாக இருந்ததுபோல்...

"பயந்துடாதீங்க. கிளம்புற இடத்துல பலமா இருக்கும். வழியில ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு, உங்க வீட்டுக்கு வரப்ப நொந்துபோய்த்தான் வரும். ஜீயபுரத்துல வாழைத்தார் லாரி ஒண்ணு கேபிளை இழுத்துட்டுப் போயிடுச்சு. நாளைக்கு மத்தியானம்தான் வர முடியும்."

ரஞ்சனி வருவதற்குள் குங்குமக் கறை படிந்த கேபிளை மறைத்தாக வேண்டும். வளைந்தாலும் வெளிச்சம் போகும் என்று அவளேதானே சொன்னாள்! பெட்டிக்குப் பின்னால் இருந்த ஆணியில் இறுக்கிச் சுற்றினார். 'டக்' என்று மெல்லிய சத்தம் கேட்டது.

மறுபடியும் பிரான்சி.

"சார்! தளர்வா வளைக்கலாம், ஒடிக்கிற மாதிரி மடிச்சா வெளிச்சம் உறையைத் தாண்டி வெளிய கொட்டிடும். இப்ப கண்ணாடியே போச்சு."

கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஆசீரிடம் ஓடி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேபிள் வாங்கி வந்தார். பிளக் அழகாகப் பொருந்தியது. விளக்கு மட்டும் மாறவில்லை.

"ஆரஞ்சா?" பிரான்சியின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "அது மல்டிமோடு சார். உள்வழி அகலம். வெளிச்சம் பல பாதையில முட்டி மோதிப் போகும், ஒரு கட்டடத்துக்குள்ளன்னா சரி. தெருவுக்கு வரது சிங்கிள் மோடு, மஞ்சள். ஒரே பாதை. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க!"

ரஞ்சனியிடம் சொல்லிவிடலாமா? இரவெல்லாம் வாய் வரை வந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கிய முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே திரும்பிப் போயிற்று.

காலையில் பெட்டியின் மேல் சாமந்திச் சரத்தை இழுத்து விளக்கை மறைத்துவிட்டு, மேசைக்கு அடியில் புகுந்தார். அப்போதுதானா மாடிப் போர்ஷன் மஜீதா வரவேண்டும்! அவள் காதில் விழுந்த சேதி அம்மா மண்டபம் படித்துறை வரை துளிகூட இழப்பில்லாமல் போய்ச் சேரும்.

"என்னண்ணே, மேசைக்கு அடியில சாமி கும்பிடுறீங்க?"

"தூசி... துடைக்கிறேம்மா."

மஜீதா குனிந்தாள். சரத்தை விலக்கினாள். "அட, சிவப்பால்ல..."

சுரேஷ்குமார் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"யாரு, மஜீதாவா?" உள்ளே புடவை மடித்துக்கொண்டிருந்த ரஞ்சனி கேட்டாள்.

செத்தோம் என்று கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமா டீச்சர். எங்க பொண்ணு இக்ரா போட்டோ உங்க லேப்டாப்ல இருக்குல்ல, எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கயேன், இதுக்கெல்லாம் கேக்கணுமா!"

அவள் ஏதோ தட்டினாள், போனாள். மாலைக்குள் ஊருக்கே தெரியும். அதற்கு முன் ஒன்பது மணி இருக்கிறது. ஆரஞ்சுக் கேபிளைக் கடைசியாக ஒரு தடவை உருவி, 'ரங்கா!' என்று செருகினார். ரஞ்சனி வந்து லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

"குட் மார்னிங் டீச்சர்!" மேசைக்கு மேலிருந்து பிள்ளைகளின் குரல் கேட்டது.

அடியிலேயே உட்கார்ந்து சுரேஷ்குமார் அழுதார். வகுப்பு ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. அதிகாரி ரஞ்சனியைப் பாராட்டினார். பத்து மணிக்கு ஆசீருக்குப் போன் போட்டு, "எந்த கேபிளா இருந்தா என்ன சார், செருகுற கையிலதான் இருக்கு" என்று சொல்லுமளவுக்கு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

மத்தியானம் பிரான்சி வந்தாள். ரஞ்சனி அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பிரான்சி சாமந்திச் சரத்தை எடுத்தாள். விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"சார், உங்க லைன் நேத்துலேர்ந்து செத்துத்தான் கிடக்கு."

"வகுப்பு நடந்துச்சேம்மா! என் கண்ணால பாத்தேனே!" கண் என்று சொன்னதும் அவருக்கு மறுபடி பயம் வந்தது.

பிரான்சி அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லேப்டாப் ஓடினது மாடி வீட்டு வை-ஃபைல சார், மஜீதாக்கா மாத்தி வச்சிருக்காங்க, டீச்சருக்குத் தெரியவேண்டாமாம். போன வருஷம் ஸ்கூட்டரால துளசித் தொட்டியை உடைச்சது அவங்கன்னு தெரிஞ்சும், பூனை தள்ளிடுச்சுன்னு டீச்சர்கிட்ட சொன்னீங்களாமே? 'இது அந்தப் பூனைக்காக'ன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னாங்க."