முப்பத்தெட்டு சதுர மீட்டர் விசாலம்

"முப்பத்தெட்டு சதுர மீட்டரப் போய் ரும்ஸ்லின்னு போட்டுட்டியே விபேக்கே. விசாலத்துக்கு நான் எங்க போவேன்?" என்றான் ஐவிந்த்.

நார்வேயின் பெர்கனில் வீடு விற்கும் விளம்பரம் என்றால் 'ரும்ஸ்லி' என்ற அந்த வார்த்தை இருந்தே தீரும். தாராளமாக இடம் இருக்கிறது என்று அர்த்தம். புறாக்கூண்டுக்கும் போடுவார்கள்.

"ஒரு மணிக்குப் பாக்க வர்றாங்க. சோஃபாவத் தூக்கு, தானா விசாலமாயிடும்," என்றாள் தரகர் விபேக்கே.

இரட்டைக் குழந்தைகள் பிறக்க மூன்றே வாரம். இதை விற்றால்தான் பெரிய வீட்டுக்குப் போக முடியும். சோஃபாவைக் கீழ்த்தளச் சாமான் அறைக்கு இறக்கினான். அதோடு அந்த அறை நிரம்பிவிட்டது.

சோஃபா போனதும் சுவரில் காப்பிக் கறை பல்லை இளித்தது. அதை மறைக்க ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தான்.

"ஐவிந்த், வாசல்ல நின்னா கண்ணாடில கக்கூஸ் தெரியுது," என்றாள் மனைவி மாரித்.

"இடம் ரெண்டு மடங்கா தெரியுதுல்ல?"

"கக்கூஸும்தான் ரெண்டா தெரியுது."

கண்ணாடியைத் திருப்பினான். இப்போது கட்டில் இரண்டானது. நடக்கவே வழியில்லாத மாதிரி இருந்தது. கட்டிலைக் கழற்றி, மெத்தையோடு துணி அலமாரிக்குள் திணித்தான். கதவு மூடவில்லை.

"உள்ள இருந்து யாராவது இழுத்துப் பிடிச்சா மூடும்," என்றாள் விபேக்கே.

வாசல் மணி அடித்தது. மாரித்தைப் பின்வழியாகக் காப்பிக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஐவிந்த் அலமாரிக்குள் ஏறிக் கதவை இழுத்துக்கொண்டான்.

மழையில் ஒரே ஒரு ஜோடிதான் வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்கள்.

"ஓடிப்பிடிச்சு விளையாடலாம் போலருக்கே," என்றான் கணவன்.

இருட்டுக்குள் ஐவிந்த் சிரித்துக்கொண்டான்.

அந்தப் பெண் அலமாரிக் கதவை இழுத்தாள். அவனும் இழுத்தான்.

"இறுகியிருக்கு, நீயும் பிடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு திறந்தது. மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி நின்ற ஐவிந்த், "வாங்க," என்றான்.

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவனிடம் திரும்பினாள்.

"வா போலாம். விளம்பரப் படத்துல கட்டிலும் சோஃபாவும் இடிச்சுக்கிட்டு இருந்ததப் பாத்து ஆசையா வந்தேன். இங்க அலமாரிலயே ஒரு ஆள் தங்கலாம், அப்புறம் உங்கம்மாகிட்ட இடமில்ல, வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?"