பூட்டு அண்ணாச்சி திறந்த கதவு

உலகத்திலேயே கட்டிய மனைவியிடம் அடையாளம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணாச்சிதான். சந்தேகமிருந்தால் ராஜபாளையத்தில் எங்கள் பழைய ஆபீஸில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நூல் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் சின்னக் கம்பெனி அது. அண்ணாச்சி ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சர்வர்களுக்கு அவர்தான் பொறுப்பு. தினமும் சேத்தூரிலிருந்து பைக்கில் வருவார். ஒரு மத்தியானம் அவருக்குப் புது நம்பரிலிருந்து போன் வந்தது.

“யாரு பேசுறது?”

“நாந்தான்.”

“நாந்தான்னா? நேத்து ராத்திரி நம்ம வீட்ல என்ன கொழம்பு?”

 ஸ்பீக்கர் போடாமலே பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“சுண்டவத்தக் கொழம்பு. ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கித் தின்னுட்டு, இன்னைக்கு நான் யாருன்னு கேக்கியளோ?”

“ம், சரிதான். சொல்லு,” என்றார் அண்ணாச்சி திருப்தியாக.

இன்னொரு தடவை, ஒருவன் தன் பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தான். அண்ணாச்சி அதைப் பிய்த்து, வாயில் போட்டு மென்று விழுங்கி, மேலே ஒரு மடக்கு தண்ணீரும் குடித்தார். “குப்பைத் தொட்டில போட்டா எவனாவது எடுப்பான்லா,” என்று விளக்கம் வேறு. முதலாளியே ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சர்வர் அறைக்குள் நுழையப் பார்த்து வெளியே நிறுத்தப்பட்டார். அறையும் அவருடையது, சர்வரும் அவருடையது. ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிய பிறகுதான் வழி கிடைத்தது. இத்தனைக்கும் அண்ணாச்சி வீட்டில் வளர்ந்த ராஜபாளையம் நாய், வாசலுக்கு வந்த அத்தனை பேரையும் வாலாட்டி வரவேற்று நக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். அந்தப் பேச்சை எடுத்தால் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போகும்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகேஸ்வரியின் வேலை போய் மாட்டிக்கொண்டது.

மகேஸ்வரி எங்கள் ஆபீஸின் கெட்டிக்காரி. பிரசவ விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். விடுமுறை முடிந்துவிட்டது, குழந்தையோ புட்டிப்பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான் என்றாலும், நாள் பூராவும் குழந்தையை விட்டுவிட்டு வர அவளால் முடியாது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றாள். முதலாளிக்கும் சம்மதம்தான். ஆனால் ஒரு சிக்கல்.

நாங்கள் எழுதும் சாஃப்ட்வேரை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து மூட்டை கட்டுவோம். கன்டெய்னர் இமேஜ் என்று அதற்குப் பெயர். அந்த மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் பெயர் ரிஜிஸ்ட்ரி. எங்கள் கிட்டங்கி, ஒன்றாகக் கூட்டி வைத்த சர்வர்களுக்குள்ளே, அதாவது கிளஸ்டருக்குள்ளே இருந்தது. ஆபீஸுக்குள் இருப்பவர்கள் மூட்டையைப் போடலாம், எடுக்கலாம். வெளியிலிருந்து வர வாசலே கிடையாது. வாசல் வைக்காதவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

“இந்த மாசக் கடைசிக்குள்ள மகேஸ்வரி வீட்ல இருந்து இமேஜ் போடணும். இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்,” என்று அவள் டீமைப் பார்த்துக்கொண்ட என்னிடம் முதலாளி சொல்லிவிட்டார். அவளோ வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குப் போன் போட்டு அழுதாள். நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

“கிட்டங்கிக்கு வெளிய இருந்து ஒரு வழி வேணும் அண்ணாச்சி.”

“வெளியன்னா எம்புட்டு வெளிய?”

“இந்தா இருக்க ஸ்ரீவில்லிபுத்தூருதான்.”

“பஸ்ஸுக்குத்தான் அது பக்கம். கதவுக்கு வில்லிபுத்தூரும் அமெரிக்காவும் ஒண்ணுதான்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “அவ லேப்டாப்புல ‘இந்த விலாசத்த எதுவும் கேக்காம நம்பு’ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிச வேலை,” என்றேன்.

“வழியில எவனாவது ‘நாந்தான் கிட்டங்கி’ன்னு நின்னா, அவங்கிட்டயும் பாஸ்வேர்டக் குடுத்துட்டுப் போவாளே. பொறவு கம்பெனி மூட்டை பூரா அவன் கையில.” சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அவள்னா யாரு?”

“நம்ம மகேஸ்வரி.” நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அண்ணாச்சி எழுந்தார், சர்வர் அறைக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், மகேஸ்வரி வேலை போயிற்று என்றே நினைத்தேன். அடுத்து வந்த நாட்களில் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.  மாசக் கடைசியோ நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரு காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“கெளம்புங்க. வில்லிபுத்தூரு போவோம்.”

வாசல் தயார். வெளியிலிருந்து வர ஒரே ஒரு விலாசம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டு. அந்த விலாசம் நம்முடையதுதான் என்று சொல்ல அவரே கையெழுத்திட்ட சான்றிதழ். நுழைய மகேஸ்வரிக்கு மட்டும் அனுமதி, அதுவும் அவள் வேலைக்கான மூட்டைகளுக்கு மட்டும். சான்றிதழை அவள் லேப்டாப்பில் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி.

“அத மெயில்ல அனுப்பலாமே அண்ணாச்சி.”

“மெயில்ல வந்தது நான் அனுப்புனதுதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

சான்றிதழ் இருந்த பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, பையின் வாயில் ஊக்கு குத்தி, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்கக் கையை எடுக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் பெரிய மனிதரைப் பார்த்த ஒரு அம்மாள் பதறி எழுந்து இடம் கொடுத்தாள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கண்டக்டர் குனிந்து, “ஐயா, ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாட்டட்டுமா?” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம். உள்ள ஒரு சாமான் இருக்கு.”

“நெஞ்சுல வால்வு வச்சிருக்காக போல,” என்றாள் அந்த அம்மாள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் இரக்கத்தோடு.

மகேஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டியதும் அவள் சட்டென்று திறந்தாள். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “யாருன்னு கேக்காமலா தொறப்ப? சாத்து. மறுபடியும் தட்டுதேன்.”

அவளும் சாத்தினாள். அவரும் தட்டினார்.

“யாரு?”

“நாந்தாம்மா.”

“நாந்தான்னா? நேத்து உங்க வீட்ல என்ன கொழம்பு?” என்றாள் உள்ளேயிருந்து.

“பருப்புக் கொழம்பு,” என்றார் அண்ணாச்சி. முகம் முழுக்கச் சந்தோஷம்.

சான்றிதழை ஏற்றினார்கள். அது அசல்தானா என்று சரிபார்க்க, கைரேகை போல அதற்கென்று எண்களும் எழுத்துகளுமாய் நீளமான ஒரு வரிசை உண்டு. அண்ணாச்சி அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “ஏ மூணு, சி ஏழு, எஃப் ரெண்டு” என்று ராகம் போல இழுத்துச் சொல்லச் சொல்ல, மகேஸ்வரி திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அதுவரை வீட்டுக் கூரை பிய்ந்துபோக அழுதுகொண்டிருந்த குழந்தை ஓய்ந்து, பாதி வரிசையிலேயே தூங்கிவிட்டது.

மகேஸ்வரி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தாள். முதல் மூட்டை கிளம்பியது. திரையில் கோடு நகர்ந்து நகர்ந்து கடைசியைத் தொட்டது. கிட்டங்கி வாங்கிக்கொண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

“செத்த நகரு தாயி,” என்று அண்ணாச்சி உட்கார்ந்து தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். அனுமதி இல்லை என்றது. இன்னொரு முறை போட்டார். இல்லவே இல்லை என்றது. மகேஸ்வரிக்கு வாசல் வைக்கும் மும்முரத்தில், வெளியிலிருந்து வருகிறவர்களில் தன் பெயரைச் சேர்க்க மறந்திருந்தார். நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

“என்னயே விடல, பாத்தியளா. கட்டுன என்னயே விடல.”

முதலாளிக்குப் போன் செய்தேன். “அப்ப மாசக் கடைசிப் பேச்ச மறந்துரச் சொல்லுங்க,” என்றார். திரும்பி வரும்போது அண்ணாச்சி கையில் மகேஸ்வரியின் அம்மா கொடுத்த பால்கோவா. அதையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வந்தார்.

மகேஸ்வரி இன்றும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். குழந்தை இப்போது ஓடித் திரிகிறது. நான் மதுரைக்கு வந்துவிட்டேன். என் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும், யாரென்று கேட்காமல் நான் திறப்பதில்லை. அண்ணாச்சி தட்டும் சத்தம் எனக்குத் தெரியும், அவர் வந்து தட்டினால் மட்டும் கேட்க மாட்டேன். அதற்காக வாசலிலேயே நின்று திட்டுவார். திட்டி முடிக்கட்டும். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, சுண்டவற்றல் குழம்பு ஊற்றுவேன், அவர் கேட்காமலே ரெண்டாந்தடவையும்.